எட்டடித் தொட்டியும் சக்கரக் கப்பலும்

எங்கள் கடையிலிருந்து எந்தச் சாமானும் சோதிக்காமல் வெளியே போகாது. வாளியோ எண்ணெய்க் கேனோ பால் பாத்திரமோ, செய்து முடித்ததும் அப்பா அதில் தண்ணீரை நிரப்பி, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துவிடுவார். வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பாத்திரத்தைத் தூக்கிக் காகிதத்தைத் தடவிப் பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் சாமான் மறுபடி அடுப்பண்டை போகும். அந்தத் தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் காகிதம் ஈரம் காட்டும் பொருள், அவ்வளவுதான். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய காலத்தில், வாளிகளுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களைத்தான் குனிந்து படித்தேன். பாதிச் செய்தி வாளிக்கு அடியில் போய்விடும். வாளியை நகர்த்தினால் அடி விழும்.

சாலைக் கடைத்தெருவில் முன்பக்கம் தகரக்கடை, பின்பக்கம் வீடு. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாள தேசத்துக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அண்ணனுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. நான் பள்ளிக்கூடம் முடித்து, பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட்டும் எழுதி முடித்தேன். அந்தப் பரீட்சை முடிந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்களைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள நடையில் போவதும் வருவதுமாக இருந்தேன். அம்மா, "ஏட்டி, தறியில ஓடுத நாடா மாதிரி எதுக்கு இப்படி நடக்கே? ஒரு எடத்துல இரி" என்று சத்தம் போடுவாள்.

பொது நூலகத்தில் பெண்கள் உட்காரத் தனி அறை உண்டு. அங்கே அலமாரியின் அடித்தட்டில் கனமான ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. பழைய நீராவிக் கப்பல்களின் புத்தகம். அதில் ஒரு கப்பல் என்னைப் பிடித்து நிறுத்தியது. பாயும் உண்டு, நீராவியும் உண்டு. இரண்டு பக்கமும் தண்ணீரை அடித்துத் தள்ளும் பெரிய சக்கரங்கள். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் தன் பாட்டில் போகப் பழகிய முதல் கப்பல்களில் ஒன்று. அப்படிப்பட்ட கப்பல் இப்போது எங்கும் ஓடுவதில்லை என்று புத்தகம் சொன்னது. படத்தோடு வரைபடங்களும் இருந்தன: பக்கவாட்டில் பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, குறுக்கே அறுத்தால் ஒவ்வோர் இடத்திலும் வயிறு எவ்வளவு அகலம் என்று. அந்தக் கோடுகள் எனக்குப் புரிந்துவிட்டன என்பதை உணர்ந்த நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அம்மையார் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

எண்ணெய்த்தாளில் படி எடுத்தேன். ஓர் அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம். அந்தக் கணக்கில் நிஜக் கப்பல் இரண்டடி நீளத்துக்குச் சுருங்கி, எங்கள் பட்டறைப் பலகையில் அடங்கியது.

மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தகடாக்குவதும், அடுப்பில் காய்ந்த செம்புக்கட்டியை நவச்சாரக் கட்டியில் தேய்த்து ஈயம் பற்றவைப்பதும் எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். கடைக்கு முன்னால் உட்கார்ந்து செய்யக்கூடாது, பின்னறையில் செய்யலாம் என்பது வீட்டின் சட்டம். குறுக்கு அளவுகளைத் தகட்டில் வெட்டி வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் தகரத்தைக் கீற்றுக் கீற்றாக வளைத்து ஒட்டினேன். டின்னில் அச்சடித்திருந்த எழுத்துகள் கப்பலின் வயிற்றுக்குள் போயின. சைக்கிள் பம்பின் குழாயை அறுத்து, அதில் பிஸ்டன் ஓடும்படி செய்தேன். பித்தளைக் குழாய் ஒன்று பாய்லரானது. அடியில் ஸ்பிரிட் விளக்கு. சக்கரங்களின் ஒவ்வொரு தட்டையும் என் கட்டைவிரல் நகத்தை விடச் சிறியதாக வெட்ட வேண்டியிருந்தது. மேல்தட்டைச் சுற்றி ஒரு விரல்கூட உயரமில்லாத தடுப்புச் சுவர். அதன் அடியில், வரைபடத்தில் இருந்தபடியே, ஓரம் முழுக்கக் கடுகளவு துளைகள். அவற்றை ஊசி வைத்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். அடுத்த நாள் வெளிப்பக்கம் முழுவதும் அண்ணன் கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்தான்.

"டீச்சரம்மா, இதுல நீ எங்க போகப் போறே? கொல்லத்துக்கா, கொழும்புக்கா?" என்றான்.

"ஒன்னை ஏத்தாம எங்கயும் போவேன்" என்றேன்.

அந்த வருஷம் நகரத்தில் எக்ஸிபிஷன் நடப்பதாக இருந்தது. பெண்கள் பகுதி என்று ஒன்று, யந்திரப் பகுதி என்று ஒன்று. யந்திரப் பகுதியை ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் கவனித்துக்கொண்டார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பார்த்தேன். அவர் என் வரைபடத்தை நன்றாகத்தான் பார்த்தார். பிறகு அண்ணனிடம் மலையாளத்தில், "நல்ல பணி. ஸ்திரீகளுடெ பாகத்தில் வெச்சா மதி. பூத்தையல், கடலாசுப் பூ எல்லாம் அவிடெ உண்டல்லோ" என்றார்.

"இது பூவில்லை சார். இதுல பாய்லர் இருக்கு" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "இது ஓடுமோ?"

"ஓடும்."

"என்டெ பாகத்தில் ஓடாத்தது ஒந்நும் வைக்கில்லா. தொறக்கிற தினம் காலத்து, வெள்ளத்தில் ஓடிச்சுக் காணிக்கணும். ஓடியா இவிடெ. ஓடலைங்கில் அவிடெ." விரலை நீட்டிப் பெண்கள் பகுதிக்காகப் போட்டிருந்த கொட்டகையைக் காட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணன், "கேட்டியா, கவுந்துட்டா கடலாசுப் பூ பக்கத்துல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதப் பூக்களைச் செய்கிறவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கப்பல் ஓடுவதற்காகச் செய்தது. அசையாமல் ஒரு மேஜைவிரிப்பின்மேல் நிறுத்துவதற்காக அல்ல.

கப்பலை ஓட்டிக் காட்டத் தண்ணீர் வேண்டுமே. அதற்குத் தொட்டி செய்ய அப்பாவே முன்வந்தார். எட்டடி நீளம், இரண்டடி அகலம். கடையில் அதுவரை அவ்வளவு பெரிய சாமான் செய்ததில்லை. தகடுகளை மடித்து, மடிப்பின்மேல் மடிப்பு போட்டு, மூட்டுகளில் ஈயத்தை ஓடவிட்டு, கடைசியில் முற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார். வீட்டிலிருந்த செய்தித்தாள்கள் எல்லாம் அடியில் போயின. மறுநாள் காலையில் ஒவ்வொரு தாளாக உருவித் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட நனையவில்லை. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரை அழைத்துவந்து காட்டினார்.

"இனி நம்ம கப்பலை விடுவோம் மக்களே" என்றார் என்னைப் பார்த்து.

விளக்கைக் கொளுத்தினேன். பாய்லர் முனகத் தொடங்கியது. சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் அது பிடித்துக்கொண்டது. கப்பல் என் கையை விட்டுப் போனது. அந்த நேரத்தில் என் உடம்பில் ஏறியதை என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சக்கரங்கள் தண்ணீரை வாரி மேலே இறைத்தன. தொட்டியின் பாதிவரை நேராகப் போனது. அப்புறம் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. சொய்ங் என்று விளக்கு அணைந்து, கப்பல் மல்லாந்தது.

தூக்கி, கவிழ்த்து, மேல்தட்டுத் தண்ணீரைக் கொட்டினேன். துடைத்தேன். மறுபடி விட்டேன். மறுபடி அதே பாதி வழியில், இந்தத் தடவை வலது பக்கம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. கணக்கை முதலிலிருந்து போட்டேன். எங்கே எடை அதிகம்? புகைபோக்கியைக் கழற்றி மெல்லிய தகட்டில் புதிதாகச் செய்தேன். பாய்மரங்களைச் சீவினேன். அடியில் ஈயத்துண்டு ஒட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கப்பல் இன்னும் ஓரங்குலம் கூடுதலாகப் போய், அங்கே சாய்ந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒரு வழி சொன்னான். "தண்ணிக்குக் கீழ இருக்கிற வயித்தை ரெண்டு பக்கமும் அரை இஞ்சு வீங்க விடு. மேல பாத்தா எவனுக்குத் தெரியும்?"

"வரைபடத்துல அப்படி இல்லை."

"வரைபடத்தை யாரு தொட்டிக்குள்ள முங்கிப் பாக்கப் போறா? எஞ்சினியரா?"

"எனக்குத் தெரியுமே."

"அப்போ ஒனக்குத் தெரிஞ்ச கப்பலைக் கடலாசுப் பூ பக்கத்துல வச்சு நீயே பாத்துக்கோ."

அம்மாவுக்குக் கடலாசுப் பூ பக்கமே போதும். "எம்மா, இவ்வளவு படிச்சும் ஒனக்கு இந்த மனசு எதுக்கு? பொம்பளைக பக்கத்துல வச்சா நானும் வந்து பாப்பேன். அந்தப் பக்கம் ஆம்பளைக கூட்டத்துல நான் எப்படி வர?"

அண்ணன் சொன்ன அரை அங்குலத்தை நான் யோசிக்காமலும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, கப்பலின் வயிற்றைத் தடவியபடி நின்றிருக்கிறேன். வைத்துவிட்டு மறுபடி நடையில் நடக்கப் போவேன்.

எக்ஸிபிஷன் நெருங்கிய வேளையில், வலியதுறைக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை அண்ணனுக்கு வந்தது. ஏற்றுமதிக்காரர் ஒருவருக்கு உள்ளே தகரம் அடித்த பெட்டிகள். வீட்டில் நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வலியதுறையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், சரக்கு தோணியில் போகும். அண்ணன் பெட்டிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருந்த கடல்பாலத்தின் நுனிவரை நடந்தேன். அன்றைக்கு ஒரு நீராவிக் கப்பல் வழக்கத்தை விடக் கிட்டத்தில் நங்கூரமிட்டிருந்தது. என் கப்பலைப் போல அழகானதில்லை. துருப்பிடித்த, பெருத்த சரக்குக் கப்பல். மேல்தட்டில் ஆட்கள் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பக்கத்தில் வரிசையாக வெள்ளை நூல்கள் தொங்குவது போலத் தெரிந்தது. அவை அசைந்தன. உற்றுப் பார்த்தேன். தண்ணீர். தட்டில் விழுகிற தண்ணீர் எல்லாம் ஓரத்துத் துளைகள் வழியாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். "என்ன வாயைப் பிளந்துட்டு நிக்கே? கப்பலு ஒண்ணுக்குப் போறதைப் பாத்ததில்லையா?"

"அண்ணே, நம்ம கப்பல்ல இருந்து தண்ணி வந்துச்சா?"

"எங்க இருந்து?"

"துளையில இருந்து. ஓரத்துத் துளையில இருந்து. சாயும்போது நீ பாத்தியா?"

அவன் யோசித்தான். "சாயும்போது மேல இருந்துல்லா கொட்டிச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி நகரவே இல்லை போல எனக்குத் தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து மேல்தட்டில் ஊற்றினேன். தடுப்புச் சுவருக்குள் குளம் கட்டி நின்றது. ஒரு துளியும் வெளியே வரவில்லை. கப்பலை லேசாகச் சாய்த்தேன். குளம் முழுவதும் ஒரே பக்கம் ஓடி, என் கையையே இழுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் சின்னச் சின்னக் குழிகளாக அழகாகத்தான் இருந்தன. உள்ளே விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று ஈயம். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு பொட்டு. எங்கள் தெருவில் அவ்வளவு சுத்தமாக ஈயம் வைக்கிற கை ஒன்றுதான் உண்டு.

அப்பா கடையில் ஒரு வாளிக்கு அடி பொருத்திக்கொண்டிருந்தார். கப்பலைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குள்ளேயே போய்விட்டேன்.

"இதை யாரு அடைச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாக, "நான்தான் மக்களே" என்றார். "சாயம் பூசுததுக்கு முன்ன பாத்தேன். ஓரமெல்லாம் பொத்தல். ஒனக்குக் கை தவறிட்டுன்னு நெனச்சேன். சொன்னா நீ வெசனப்படுவேன்னு சத்தம் காட்டாம அடைச்சிட்டேன்."

"கை தவறி இத்தனை துளை விழுமா அப்பா? வரிசையா?"

"அதான் நானும் யோசிச்சேன்."

"வேணும்னுதான் போட்டேன். தண்ணி வெளிய போகணும்."

"தண்ணி வெளிய போகவா?" வாளியைக் கீழே வைத்தார். "வெளிய போக வழி இருந்தா உள்ள வராதா? இத்தனை வருசமா இந்தக் கடையில இருந்து பொத்தல் வச்ச சாமான் வெளிய போயிருக்கா? ஊரு முழுக்கக் கூடுத எடத்துல, நம்ம கடைச் சாமான் ஒழுகினா நாளைக்கு எவன் வாளி வாங்க வருவான்?"

"சோறு வடிக்கச் சிப்பல் செய்யலையா நீங்க? அதுல பொத்தல் இல்லையா?"

"சிப்பலைச் சிப்பலுன்னு சொல்லித்தான் விக்கேன்."

"நானும் இதைக் கப்பலுன்னு சொல்லித்தான் கொண்டு போறேன்."

பாத்திரக்கடைக்காரர் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துளைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதை, சக்கரம் மேலே இறைப்பதை, குளம் கட்டுவதை எல்லாம் சொன்னேன். படித்த ஆள் சொல்வது போல, வரிசைப்படுத்தி. அவர் கேட்டார், தலையை ஆட்டினார், ஆனால் கப்பலை வாங்கக் கை நீட்டவில்லை.

"நான் தொறக்க மாட்டேன்" என்றார். "நீ வேணும்னா தொற. ஆனா ஆணி வச்சுக் குத்தாதே, தகடு கிழியும். சூடு காட்டி ஈயத்தை இழு." அடுப்பிலிருந்த செம்புக்கட்டியைக் காட்டிவிட்டு, சாப்பிடும் நேரம் ஆகாமலே சாப்பிட எழுந்து போனார்.

நான் கடைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தது அன்றைக்குத்தான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எழுந்து உள்ளே போகத் தோன்றவில்லை. ஒவ்வொரு பொட்டாக உருக்கி இழுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தொட்டியில் அப்புறம் விட்டுப் பார்த்தோமா என்றால், இல்லை. தொட்டி ஏற்கெனவே வண்டி ஏறி எக்ஸிபிஷன் மைதானத்துக்குப் போயிருந்தது. திறக்கிற நாள் காலையில், எஞ்சினியருக்கு முன்னால், துளை திறந்த பிறகு முதல் தடவையாக ஓடப் போகிறது. முந்தின இரவு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நடையின் தரை தேய்ந்திருக்கும்.

காலையில் சாலைக் கடைக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அப்பா வெளுத்த வேட்டி கட்டி, தொட்டியின் ஒரு முனையில் நின்றார். தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தார், இங்கேயும். பெயர்ச்சீட்டு எழுதுகிற குமாஸ்தா பக்கத்தில் காத்திருந்தார். கடையின் பெயரை எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் அதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

விளக்கைக் கொளுத்தினேன். கப்பலை விட்டேன்.

சக்கரங்கள் தண்ணீரை வாரி இறைத்தன. தொட்டியின் பாதி வந்தது. கப்பல் லேசாக ஆடியது. இரண்டு பக்கமும் துளைகளிலிருந்து மெல்லிய நூல் நூலாகத் தண்ணீர் இறங்கியது. கப்பல் நிமிர்ந்தது. பாதியைத் தாண்டியது. மறுமுனையில் நான் ஓடிப்போய் அதைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். திரும்பி வந்தது, ஒழுகிக்கொண்டே, நேராக.

பாத்திரக்கடைக்காரரின் குரல்தான் முதலில் கேட்டது. "அண்ணாச்சி, என்ன இது! உம்ம கப்பல் ஒழுகுதே! நாளைக்கு நான் எடுக்குத வாளியும் இப்படித்தானா?"

கூட்டம் சிரித்தது. அப்பாவின் கழுத்து சிவந்தது. அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று நான் காத்து நின்றேன். எஞ்சினியர் என்ன சொல்லுவார் என்பதுகூட அப்போது எனக்கு இரண்டாவதுதான்.

அப்பா குனிந்து, தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி, உலர்ந்த அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"தொட்டியைப் பாரும்வே. தொட்டி என் வேலை. கப்பலு அவ வேலை. ஒழுகணும்னு கணக்குப் போட்டுல்லா ஒழுகவிட்டிருக்கா. அதைப் பத்தி அவகிட்டக் கேளும்."

எஞ்சினியர் குனிந்து துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலைத் தூக்கி மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு குமாஸ்தாவிடம், "இது இவிடெ இருக்கட்டெ" என்றார். "பேரு?"

குமாஸ்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைக் காட்டினார். கடையின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம். பேனாவை நான் வாங்கி, சீட்டில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

எக்ஸிபிஷன் நடந்த நாட்களெல்லாம் தொட்டிக்கரையில் நின்றேன். ஒரு முனையில் விடுவேன், மறுமுனைக்கு ஓடித் திருப்புவேன். அம்மா ஒரு நாள் முக்காடிட்டு, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து பார்த்தாள். "ஏட்டி, ஒனக்கு ஏத்த எடந்தான், இங்கயும் நடந்துக்கிட்டே இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் கப்பலைப் பார்த்தார்கள். எனக்குத்தான் நாளாக ஆகத் தொட்டியின் முனைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. வேகம் பிடிப்பதற்குள் சுவர் வந்துவிடும்.

கடைசி நாள் மாலை, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு தடவை நான் அதைத் திருப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கப்பல் போய்த் தகரத்தில் முட்டியது. நிற்கவில்லை. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, தண்ணீரை வாரிவாரி மேலே போட்டு, போட்டதையெல்லாம் துளைகள் வழியாக வெளியே விட்டு, ஸ்பிரிட் தீரும்வரை கப்பல் அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்பா மறுபக்கம் குனிந்து, அடியிலிருந்த தாளைத் தடவிப் பார்த்தார்.

"நனையல" என்றார்.